ஆமென் என்பது யாது?

கூலாய்ப் பட்டணத்திலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒரு வாரத்தில் ஒரே சொல் எத்தனை வாய்களில் ஒலிக்கின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்த்திரார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் குருவானவர் செபத்தை முடித்ததும் தமிழ்க் கிறிஸ்தவர் ‘ஆமென்’ என்கின்றனர். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இமாம் அல்ஹம்து சூரா ஓதி முடித்ததும் மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் ‘ஆமீன்’ என்கின்றனர். சைவ வைணவக் குடும்பங்களிற் பிறந்த நம்மவருக்கும் இச்சொல் அந்நியமன்று. பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று அண்டை வீட்டு மக்சிக் கையேந்தி வாழ்த்தினால், நம் தாய்மாரும் தம்மையறியாமல் அவருடன் சேர்ந்து ‘அமீன், அமீன்’ என்று சொல்லிவிடுகின்றனர்.

மூன்று சமயத்தார் நாவிலும் பழகிய இச்சொல் தமிழன்று, மலாயன்று, அரபும் அன்று. இஃது எபிரெயச் சொல். கிரேக்கரும் லத்தீனரும் தத்தம் மொழியில் மாற்றாமல் அப்படியே ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். அரபு மொழியில் ‘ஆமீன்’ என வழங்குவதும் எபிரெயத்தினின்று வந்ததே என்பது மொழியாராய்ச்சியாளர் கருத்து. இத்தனை நாடுகளில் உலவும் சொல்லின் பொருளைக் கேட்டால் நம்மிற் பலர் ‘செபம் முடிந்தது என்று அர்த்தம்’ என்பர். கடிதத்தின் அடியில் ‘இப்படிக்கு’ என எழுதுவதுபோல, பிரார்த்தனையின் கடைசியில் வைக்கும் முத்திரை என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நலம். ‘ஆமென்’ என்பதைத் தமிழ்க் காதாற் கேட்பவருக்கு அது ‘ஆம் என்’ என்று பிரிந்து நிற்கும். ஆம் என்று சொல்வாயாக எனப் பொருளும் பொருந்தும்! இதைக் கொண்டு எபிரெயர் தமிழினின்றே இச்சொல்லைக் கடன் வாங்கினர் என மேடையேறிக் கூறுவாரும் உளர். கேட்க இனிமையே; ஆயினும் உண்மையன்று. நமது ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் குறுக்கம். ஆதல் என்னும் வினையிற் பிறந்தது. எபிரெய ‘ஆமேன்’ என்பதோ அலெப், மேம், நூன் என்னும் மூன்று மெய்களாலான வேரினின்று பிறந்தது. ஓசை ஒத்திருப்பது தற்செயல்.

எபிரெயத்திற்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. சாலொமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்னும் சொல், நம் ‘தோகை’ என்பதன் திரிபென்று கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எடுத்துக் காட்டினார். அங்கே பொருளும் உண்டு, வணிகமும் உண்டு, சொல் சென்ற வழியும் உண்டு. ‘ஆமென்’ விஷயத்தில் இவை ஒன்றும் இல்லை. தமிழுக்கு உண்மையான பெருமைகள் பல இருக்க, ஓசையைப் பிடித்துக்கொண்டு பொய்ப் பெருமை தேட வேண்டுவதில்லை.

இனி அவ்வேரின் பொருளைக் காண்போம். அசையாமை, உறுதி, தாங்கி நிற்றல் என்பனவே அதன் அடிப்படைக் கருத்து. அவ்வேரிற் கிளைத்த சொற்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் இக்கருத்து விளங்கும். எபிரெய வேதத்தில் ஆலயக் கதவைத் தாங்கும் நிலைத்தூண்களை ஓரிடத்தில் இவ்வேரிற் பிறந்த சொல்லாற் குறித்துள்ளனர். பால்குடிக் குழந்தையை மார்பில் ஏந்திச் சுமப்பவனுக்கு ‘ஓமேன்’ என்று பெயர். ரூத்தின் குழந்தையை மடியில் வைத்து வளர்த்த நகோமிக்கு ‘ஓமெனெத்’, அதாவது செவிலித்தாய், என்று பெயர். போர் நடந்த நாளில் மோசேயின் தளர்ந்த கைகளை இருவர் இருபுறமும் நின்று தாங்க, அக்கைகள் சூரியன் அடையும்வரை நிலைத்திருந்தன என்னுமிடத்தில் வரும் சொல் ‘எமூனா’. அதே சொல்லே பின்னர் நம்பிக்கை, விசுவாசம் என்னும் பொருளையும் பெற்றது. இந்நாளைய எபிரெயத்திற் பயிற்சியைக் குறிக்கும் சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே.

ஆயாக் கொட்டகையைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டா. விடியுமுன் வேலைக்குப் போகும் தாய், தன் குழந்தையை எவள் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாளோ, அவள் ‘ஓமெனெத்’. தாய் அவள்மீது வைத்த நம்பிக்கை ‘எமூனா’. குழந்தையைத் தாங்கும் கை நடுங்காதிருக்க வேண்டும். ‘ஆமென்’ என்று ஒருவன் சொன்னால், ‘இச்சொல் உறுதி, இதன் பாரத்தை நான் தாங்குவேன்’ என்று சொன்னவனாகின்றான். ஆதலின் இச்சொல்லை வெறும் முற்றுப்புள்ளியாகக் கொள்வது பொருந்தாது.

பழைய நூல்களில் இச்சொல் வழங்கிய முறையைப் பார்த்தால் மற்றொன்றும் புலனாகும். பெரும்பாலும் ஆமென் என்பது பேசியவன் சொல்லன்று, கேட்டவன் சொல். உபாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில் லேவியர் பன்னிரண்டு சாபங்களை ஒவ்வொன்றாக உரத்துக் கூற, ஒவ்வொன்றின் முடிவிலும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என விதித்திருக்கிறது. அயலானுடைய எல்லைக்கல்லை நகர்த்துபவன், குருடனுக்குத் தவறான வழி காட்டுபவன், பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரிய நியாயத்தைப் புரட்டுபவன் ஆகிய இன்னோர்மீது அச்சாபங்கள். ஆமென் சொன்ன மறுநாள் எல்லைக்கல்லை நகர்த்துபவன், தன் வாயாலேயே தன்னைச் சபித்துக்கொண்டவனாவான்.

நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர். ஆதலின் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் நம்மை மிகவும் கவர்கின்றது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எருசலேமில் ஏழைகள் தானியத்திற்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தனர். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினர். கடன் தீராமல் பெற்ற பிள்ளைகளை அடிமைகளாக விட்டனர். நெகேமியா பெருந்தனக்காரரைக் கூட்டி, பிடித்த நிலத்தையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்று கடிந்துரைத்தார். அவர்கள் இணங்கினர். அவர் வாய்ச்சொல்லோடு விடாமல் ஆசாரியர்முன் ஆணையிடச் செய்தார். தம் மடித்துணியை உதறி, வாக்குத் தவறியவன் இப்படி உதறப்படுவான் என்றார். சபையார் எல்லாரும் ஆமென் என்றனர். அதன்பின், அவ்வாக்கின்படியே ஜனங்கள் செய்தனர் என்று அந்நூல் முடிவு கூறுகின்றது. ஆமென் என்பதற்கு நிலம் திரும்பியது என்றும், வட்டி நின்றது என்றும், பிள்ளை வீடு வந்தது என்றும் பொருளாயிற்று.

நாசரேத்து இயேசுநாதர் இச்சொல்லை வேறொரு விதமாக வழங்கினார். பிறர் கூறியதன் முடிவில் சொல்லவேண்டியதை அவர் தமது பேச்சின் தொடக்கத்திலேயே வைத்தார். தமிழ் வேதாகமத்தில் ‘மெய்யாகவே’ என்று நாம் படிக்கும் இடங்களில் மூலத்தில் இருப்பது ஆமென் என்பதே. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அஃது இரட்டித்து வரும். பேசுமுன்னரே பேச்சுக்குத் தாம் பிணையாகி நிற்பதை இவ்வழக்கு காட்டுகின்றது.

யூத ஆசிரியரின் நுட்பத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒருவர் ஆணையை உரைக்க மற்றொருவர் ஆமென் சொன்னால், ஆமென் சொன்னவர் தாமே ஆணையிட்டதற்குச் சமம் என்பது தல்மூதின் தீர்ப்பு. மேலும் சொல்லத்தகாத ஆமென் சில உண்டென்று அந்நூல் பெயரிட்டுக் காட்டுகின்றது. வாழ்த்து முடியுமுன் அவசரப்பட்டுச் சொல்வது ‘பறித்த ஆமென்’. கடைசி ஒலியை விழுங்கிச் சொல்வது ‘அறுந்த ஆமென்’. எந்த வாழ்த்து என்பதைக் கேளாமல், ஊரார் சொல்கின்றனர் என்று தானும் சொல்வது ‘அநாதை ஆமென்’. பெற்றோரில்லாத பிள்ளைபோல, பொருளில்லாமல் நிற்கும் ஆமென் அது! இதைவிடப் பொருத்தமான பெயரை நாம் கேட்டதில்லை.

அலெக்சாந்திரியா நகரில் யூதருக்கு ஒரு மாபெரும் செபக்கூடம் இருந்தது. கடைசி வரிசையில் இருப்போர்க்கு ஓதுவாரின் குரல் எட்டாது. ஆகையால் நடுவே மரமேடையில் ஒருவன் நின்று, ஆமென் சொல்லவேண்டிய தருணத்தில் துணியை வீசிக் காட்டுவானாம். அப்படியாயின் அவர்கள் சொன்னதும் அநாதை ஆமென் அன்றோ எனின், பிற்கால உரையாசிரியர் விடை கூறினர்: காதில் விழாவிடினும் எந்த வாழ்த்துக்கு மறுமொழி சொல்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே குற்றமில்லை. அறிவு இருந்தால் துணி வீசினாலும் போதும். அறிவு இல்லையேல் காதருகே கூவினாலும் போதாது.

பவுல் அடிகள் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் நிருபத்தில் இதையே வேறு விதமாய்க் கேட்கின்றார். நீ அறியாத பாஷையில் நன்றி கூறினால், கல்லாதவன் உன் பேச்சை உணராமல் எப்படி ஆமென் சொல்வான் என்பது அவர் கேள்வி. இங்கே குற்றம் சுமத்தப்படுவது கல்லாதவன்மீதன்று. விளங்காத மொழியிற் பேசியவன்மீது! இக்கேள்வி எழுந்த பின்னும் பல நூற்றாண்டுகள் கத்தோலிக்கப் பூசை லத்தீனிலேயே நடந்து வந்தது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே அவரவர் தாய்மொழி பீடத்தில் ஏறியது. நம் கோயில்களில் விளங்காத வடமொழி மந்திரத்தின் முன்னே கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் நாம் பிறரைப் பார்த்து நகைக்க இடமில்லை. ‘ததாஸ்து’ என்பதன் பொருளை அறிந்து சொல்வார் நம்மில் எத்தனை பேர்?

இந்நாட்டு மொழியாகிய மலாயைச் சற்றுப் பார்ப்போம். இஸ்லாமிய அறிஞர் ஆமீன் என்பதற்கு ‘இறைவா, ஏற்றருள்வாய்’ எனப் பொருள் கூறுவர். அஃது அல்ஹம்து சூராவின் வசனமன்று. கேட்டவர் தம் நெஞ்சிலிருந்து சேர்ப்பது. மலாயில் அப்பெயர்ச்சொல்லினின்று ‘மெங்ஙாமின்கான்’ என்னும் வினையும் பிறந்துள்ளது. துஆவுக்கு ஆமீன் சொல்லுதல் என்பது முதற்பொருள். ஒருவர் கருத்தை ஆமோதித்தல், ஒத்துக்கொள்ளுதல் என்பது மற்றொரு பொருள். தொழுகைச் சொல், கூட்டத்திலும் ஆபீசிலும் வழங்கும் சொல்லாயிற்று. நம் தமிழிலோ இதற்கு நேரான பேச்சு வழக்கு ‘ஆமாஞ்சாமி’! ஆமோதிப்பவனைக் குறிக்க மதிப்பான சொல்லைவிடக் கேலிச் சொல்லே நம்மிடை முந்தி வருவது சிந்திக்கத் தக்கது. தலைமுறை தலைமுறையாக நாம் சொல்லிவந்த ‘ஆம்’ எத்தகையது என்பதை அக்கேலி காட்டிக் கொடுக்கின்றது.

நம் முன்னோர் சொன்ன முதல் ‘ஆம்’ எங்கே நிகழ்ந்தது? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும், படிக்கத் தெரியாத ஒப்பந்தத் தாளின் அடியில் பெருவிரலை அழுத்தியபோது நிகழ்ந்தது. 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பும் 1938இல் இந்திய அரசாங்கம் விதித்த தடையால் நின்றது. ஆனால் தாளும் பெருவிரலும் மறையவில்லை. இன்று செம்பனைத் தோட்டங்களிற் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே. கடல் கடக்கும் முன்னரே கடன்பட்டு வருவோர் அவருட் பலர். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் தொழில் சட்டம் கூறுகின்றது. நல்ல சட்டந்தான். ஆயினும் எழுத்தில் இருப்பது வேறு, உள்ளத்தில் விளங்கியிருப்பது வேறு.

கிராணி வேலையில் நாம் கண்ட ஒன்றை இங்குக் கூறுவோம். முன்னர் நாம் இருந்த ஒரு தோட்டத்தில், காலைப் பெரட்டில் மேலதிகாரி ஒருவர் புதிய கூலி விகிதத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். ‘பஹாம்?’ என்று கேட்டார். நூறு வாய்கள் ‘பஹாம்’ என்றன. பெரட்டுக் கலைந்தது. சம்பள நாளன்று பழுக்காத குலைக்குப் பிடித்தம் விழுந்திருப்பதைக் கண்டு கூச்சல் எழுந்தது. ‘அன்றைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்டீர்களே’ என்றார் அதிகாரி. உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவர் முன்வந்து நம்மிடம் சொன்னார்: “கிராணியாரே, நாங்க ஆமான்னு சொன்னது சத்தத்துக்கு, சங்கதிக்கு இல்லய்யா.”

தல்மூது ஆசிரியர் ‘அநாதை ஆமென்’ என்று பெயரிட்டதை, எழுத்தறியாத அம்மூதாட்டியார் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார். மறுநாள் விகிதத்தைப் பலகையில் எழுதி, பத்துக் குலைக்கு இவ்வளவு, அவற்றுள் இரண்டு காயானால் இவ்வளவு என்று கணக்கிட்டு, மலாயிலும் தமிழிலும் சொன்னோம். வங்காளத் தோழர்க்கு அவருள் ஒருவரே எடுத்துச் சொன்னார். உடனே கேள்விகள் பிறந்தன. ஒருவன் வெட்டிய காய்க்குக் கூட்டத்தார் எல்லாருக்கும் பிடித்தம் விழுவது நியாயமா என்பது அவற்றுள் முதன்மையானது. பேச்சு நடந்தது, வெட்டியவன் கணக்கில் மட்டும் பிடிப்பது என்று விதி மாறிற்று. அன்று அவர்கள் சொன்ன ‘ஆம்’ மெல்லிய குரலில்தான் வந்தது. ஆயினும் அதற்குத் தாயும் தந்தையும் இருந்தனர்.

கேள்வி கேட்பது ஆமென்னுக்குப் பகையன்று என்பதை நாம் உணரவேண்டும். பொய்த் தீர்க்கதரிசியாகிய அனனியா, பாபிலோனின் நுகம் இரண்டாண்டில் முறியும் என்று ஜனங்களுக்கு இனிக்க உரைத்தபோது, எரேமியா முதலில் ஆமென் என்றார். அப்படியே ஆகுக என்றார். உடனே, ஆயினும் இதைக் கேள் என்று தொடங்கித் தம் ஐயத்தையும் சபையறியக் கூறினார். நல்லது நடக்கவேண்டும் என்ற ஆசையும், நடக்குமா என்ற விசாரணையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

அதற்கு மாறாக, சொல்லியே தீரவேண்டிய ஆமென்னும் உண்டு. எண்ணாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், சாட்சியில்லாமல் கணவனால் ஐயுறப்பட்ட ஒரு பெண், கசப்பு நீரைக் குடிக்குமுன் தன்மேல் உரைக்கும் சாபத்திற்குத் தானே ‘ஆமென், ஆமென்’ என்று சொல்லவேண்டும் என்றிருக்கின்றது. இரட்டை ஆமென்! கணவன்மீது ஐயம் கொண்ட மனைவிக்கு அப்படியொரு நீர் அங்கே விதிக்கப்படவில்லை. மறுக்க இடமில்லாத இடத்தில் வாங்கிய சம்மதம், எத்தனை முறை இரட்டித்தாலும் சம்மதமாகுமா? பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. நம் வீடுகளில், மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் அமர்ந்து பலகாரம் தின்றுகொண்டிருக்கும்போது, ‘பெண்ணுக்குச் சம்மதந்தானே?’ என்று கேட்டு, அவள் தலைகுனிவதைக் கண்டு ‘சம்மதம்’ என்று முடிக்கின்றோமே, அது யாருடைய ஆமென்? அவளிடம் தனியே, முன்னதாகவே, ‘இல்லை’ என்று சொன்னாலும் கோபிக்கமாட்டோம் என்று உறுதி கூறிக் கேட்டவர் எத்தனை பேர்?

அன்பர்களே! ஆமென் சொல்வது எளிது என்பதால் அதை மலிவாக்கிவிட்டோம். ‘ஆமேன்’ என்று எபிரெயர்போல் நீட்டினாலும், ‘ஆமீன்’ என்று அரபுபோல் ஒலித்தாலும், ஆங்கிலப் பள்ளியில் நாம் கற்றதுபோல் பாட்டில் ‘ஆமென்’ என்றும் பேச்சில் ‘ஏமென்’ என்றும் சொன்னாலும், உச்சரிப்பைப் பற்றிக் கவலையில்லை. இச்சொல்லை வழங்குவோர் மூன்றை மட்டும் கைக்கொள்ளல் வேண்டும். முழுதும் கேட்டபின் சொல்க, பறித்துச் சொல்லற்க. பொருள் விளங்கியபின் சொல்க. விளங்காவிடில், ‘எனக்கு விளங்கும் மொழியிற் கூறுக’ என்று கேட்பது உரிமை. சொன்னபின் அதன் பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொள்க. இது கோயிலுக்கு மட்டுமுரிய விதியன்று. சங்கக் கூட்டத்தில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதுமிடத்திலும், கடன் பத்திரத்திலும், கல்யாணப் பேச்சிலும், பெரட்டுக் களத்திலும் இதுவே விதி.

கையொப்பம் வாங்கும் தொழிலில் இருக்கும் நம்போன்ற கிராணிமாருக்கு நான்காவது கடமையும் ஒன்றுண்டு. படித்தவன் பேசிய பேச்சு விளங்காவிடில் கல்லாதவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் அடிகள் கேட்டது, ஆங்கிலம் படித்த நம்மைத்தான் கேட்டதாகக் கொள்ளவேண்டும். நமக்கு வாய்த்த கல்வி, பிறர் தலையாட்டும்படி வாசிப்பதற்கன்று. அவர் விளங்கிக்கொண்டு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லும்படி எடுத்துரைப்பதற்கே. பெருவிரலில் மை தடவுமுன் ஐந்து நிமிஷம் அவர் மொழியிற் பேசுவோமாக. அந்த ஐந்து நிமிஷத்தால் எந்தத் தோட்டமும் நஷ்டப்பட்டதில்லை.